ஒற்றைச் சார்புகளும் இரட்டைச் சார்புகளும்

கணிதத்தில், மாறியின் குறியை மாற்றினாலும் மதிப்பு மாறாமல் இருக்கும் சார்பு இரட்டைச் சார்பு எனப்படும். மாறியின் குறியை மாற்றும்போது மதிப்பின் குறி மட்டும் மாறும் சார்பு ஒற்றைச் சார்பு எனப்படும். பாடநூல்களில் இவை இரட்டைப்படைச் சார்பு, ஒற்றைப்படைச் சார்பு என்றும் வழங்கப்படுகின்றன. இவை இரண்டும் சமச்சீர்மை என்னும் வடிவியல் கருத்தை இயற்கணித மொழியில் கூறுவன. தொகையீடுகளைக் கணித்தல், அடுக்குத் தொடர்கள், ஃபூரியே தொடர்கள், படச் சுருக்கம், குவாண்டம் இயற்பியல் முதலிய பல இடங்களில் இக்கருத்து பயன்படுகிறது.

இக்கட்டுரையில் சார்புகள் ச, ப என்னும் எழுத்துகளாலும், மாறி ய என்னும் எழுத்தாலும் குறிக்கப்படுகின்றன. ச(ய) என்பது மாறி ய ஆக இருக்கும்போது சார்பு ச கொள்ளும் மதிப்பாகும்.

வரையறை

ச என்பது மெய்யெண்களின் ஒரு கணத்தில் வரையறுக்கப்பட்ட, மெய்மதிப்புடைய சார்பு என்க. அதன் ஆட்களம் (சார்பகம் எனவும் வழங்கும்) பூச்சியத்தைப் பொறுத்துச் சமச்சீராக இருத்தல் வேண்டும். அதாவது, ஓர் எண் ஆட்களத்தில் இருந்தால் அதன் எதிரெண்ணும் ஆட்களத்தில் இருக்க வேண்டும். அவ்வாறெனில்,

ஆட்களத்திலுள்ள ஒவ்வொரு ய-க்கும் ச(−ய) = ச(ய) எனில், ச ஓர் இரட்டைச் சார்பு ஆகும்.

ஆட்களத்திலுள்ள ஒவ்வொரு ய-க்கும் ச(−ய) = −ச(ய) எனில், ச ஓர் ஒற்றைச் சார்பு ஆகும்.

இவ்வரையறையில் 'ஒவ்வொரு' என்னும் சொல் முக்கியமானது. ஏதோ சில எண்களுக்கு மட்டும் சமன்பாடு பொருந்தினால் போதாது.

ஒற்றைச் சார்பின் ஆட்களத்தில் பூச்சியம் இருக்குமானால், அங்குச் சார்பின் மதிப்பு பூச்சியமாகவே இருக்கும். ஏனெனில் ய = 0 எனப் பிரதியிட்டால் ச(0) = −ச(0) என வருகிறது. தன் எதிரெண்ணுக்குச் சமமான மெய்யெண் பூச்சியம் ஒன்றே. ஆயினும் 1/ய போன்ற ஒற்றைச் சார்புகள் பூச்சியத்தில் வரையறுக்கப்படுவதேயில்லை என்பதை மறத்தலாகாது.

ஒரு சார்பு ஒரே நேரத்தில் இரட்டையாகவும் ஒற்றையாகவும் இருந்தால் ச(ய) = −ச(ய) ஆகும். எனவே அதன் மதிப்பு எங்கும் பூச்சியமே. இத்தகைய சார்பு பூச்சியச் சார்பு மட்டுமே.

பெயர்க்காரணமும் வரலாறும்

ய², ய⁴, ய⁶ ஆகிய இரட்டை அடுக்குகள் இரட்டைச் சார்புகளாகவும், ய, ய³, ய⁵ ஆகிய ஒற்றை அடுக்குகள் ஒற்றைச் சார்புகளாகவும் அமைகின்றன. குறை எண்ணை இரட்டைப்படை முறை பெருக்கினால் மிகை எண்ணும், ஒற்றைப்படை முறை பெருக்கினால் குறை எண்ணும் கிடைப்பதே இதற்குக் காரணம். இந்த அடுக்குகளிலிருந்தே சார்புகளுக்கும் பெயர் வந்தது.

இப்பெயர்களைப் பயன்படுத்தியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணிதவியலாளர் லியோனார்டு ஆய்லர் ஆவார். அவர் 1727ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், உருசியாவின் சென் பீட்டர்சுபேர்க் நகருக்குச் சென்றார். அதே ஆண்டில், ஒருவகை வளைவரைகளைக் கண்டறியும் சிக்கலைப் பற்றி இலத்தீன் மொழியில் அவர் எழுதிய ஆய்வுரையில் இச்சொற்கள் காணப்படுகின்றன. 1748இல் வெளியான தமது நுண்கணித அறிமுக நூலிலும் சார்புகளை வகைப்படுத்தும்போது இப்பிரிவை அவர் எடுத்துரைத்தார்.

பெயர் அடுக்குகளிலிருந்து வந்ததாயினும், கருத்து அடுக்குகளுக்கு அப்பாலும் பொருந்தும். கொசைன் சார்பு ஒரு பல்லுறுப்புக்கோவை அன்று. எனினும் அது இரட்டைச் சார்பே. அதன் அடுக்குத் தொடர் விரிவில் இரட்டை அடுக்குகள் மட்டுமே வருகின்றன: 1 − ய²/2 + ய⁴/24 − … சைன் சார்பின் விரிவில் ஒற்றை அடுக்குகள் மட்டுமே வருகின்றன: ய − ய³/6 + ய⁵/120 − …

வடிவியல் விளக்கம்

இரட்டைச் சார்பின் வரைபடம் செங்குத்து அச்சைப் பொறுத்துச் சமச்சீரானது. வரைபடம் வரைந்த தாளைச் செங்குத்து அச்சின் வழியே மடித்தால் வலப்பாதியும் இடப்பாதியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்.

ஒற்றைச் சார்பின் வரைபடம் ஆதிப்புள்ளியைப் பொறுத்துச் சமச்சீரானது. தாளை ஆதிப்புள்ளியில் ஊன்றி 180 பாகை சுழற்றினால், அதாவது தலைகீழாகத் திருப்பினால், வரைபடம் முன்பிருந்தவாறே தோன்றும். முதலில் செங்குத்து அச்சிலும் பின்னர் கிடை அச்சிலும் எதிரொளித்தாலும் இதே விளைவு கிடைக்கும்.

இவ்விரு சார்புகளிலும் வலப்பக்கத்து வரைபடம் தெரிந்தால் இடப்பக்கத்தை வரைந்துவிடலாம். சார்பைப் பற்றிய செய்தியில் பாதி போதும் என்பதே இவற்றின் பயனுக்கு அடிப்படை.

எடுத்துக்காட்டுகள்

இரட்டைச் சார்புகள்: மாறிலிச் சார்புகள், ய², ய⁴ − 3ய² + 1, தனி மதிப்புச் சார்பு |ய|, கொசைன் ய, 1/(1 + ய²).

ஒற்றைச் சார்புகள்: ய, ய³ − 5ய, 1/ய, ய-இன் கனமூலம், சைன் ய, டாஞ்சன்ட் ய.

இரண்டிலும் சேராதவை: ய + 1, ய² + ய, (ய − 1)², 2^ய (2இன் ய ஆவது அடுக்கு), மடக்கைச் சார்பு.

முழு எண்களுக்கும் சார்புகளுக்கும் இங்கு ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. எந்த முழு எண்ணும் ஒன்று ஒற்றையாக இருக்கும், அன்றேல் இரட்டையாக இருக்கும். சார்புகளுள் பெரும்பாலானவை இரண்டிலும் சேராதவை. ஆகவே 'இச்சார்பு இரட்டைச் சார்பு அன்று' என்று நிறுவியதும், 'எனவே ஒற்றைச் சார்பு' என முடிவு செய்தல் தவறாகும்.

சோதிக்கும் முறை

ஒரு சார்பின் வகையை அறியப் பின்வரும் மூன்று படிகளைப் பின்பற்றலாம்.

1. ஆட்களம் பூச்சியத்தைப் பொறுத்துச் சமச்சீரானதா எனப் பார்க்க வேண்டும். இல்லையெனில் சார்பு இரண்டு வகையிலும் சேராது.
2. சார்பில் ய வரும் ஒவ்வோர் இடத்திலும் −ய எனப் பிரதியிட்டுச் சுருக்க வேண்டும்.
3. கிடைத்த கோவையை ச(ய) உடனும் −ச(ய) உடனும் ஒப்பிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ச(ய) = ய/(1 + ய²) எனில் ச(−ய) = −ய/(1 + ய²) = −ச(ய). எனவே இது ஒற்றைச் சார்பு.

பார்த்த அளவில் வகை தெரியாத சார்புகளும் உள்ளன. ச(ய) என்பது ய + √(ய² + 1) என்னும் கோவையின் மடக்கை என்க. √(ய² + 1) எப்போதும் |ய| ஐவிடப் பெரிது. ஆதலால் மடக்கைக்குள் இருப்பது எப்போதும் மிகை எண். ஆட்களம் எல்லா மெய்யெண்களும் ஆகும். இனி, √(ய² + 1) + ய, √(ய² + 1) − ய ஆகிய இரண்டையும் பெருக்கினால் (ய² + 1) − ய² = 1 கிடைக்கிறது. பெருக்கற்பலன் 1 ஆனதால் அவற்றின் மடக்கைகளின் கூடுதல் பூச்சியமாகும். அதாவது ச(ய) + ச(−ய) = 0. எனவே இதுவும் ஓர் ஒற்றைச் சார்பே. −ச(ய) என்பதை நேரடியாகப் பெறுவது கடினமாக உள்ளபோது, ச(ய) + ச(−ய) பூச்சியமாகிறதா எனப் பார்ப்பது எளிய வழியாகும்.

பொதுவாக நேரும் தவறுகள்

ஓர் எண்ணை மட்டும் பிரதியிட்டு முடிவு செய்தல். ச(ய) = ய³ − ய எனில் ச(1) = 0, ச(−1) = 0. இதை மட்டும் கண்டு சார்பு இரட்டை என்று கூறிவிடலாகாது. ச(2) = 6, ச(−2) = −6 என்பதால் அது இரட்டைச் சார்பு அன்று; உண்மையில் அது ஒற்றைச் சார்பு. சமன்பாடு பொருந்தாத ஓர் எண் கிடைத்தால், சார்பு அவ்வகையைச் சேர்ந்ததன்று என்பது உறுதியாகும். பொருந்தும் எண்கள் எத்தனை கிடைத்தாலும் அவை நிறுவல் ஆகா.

மாறிலி உறுப்பை மறத்தல். ய³ + 1 என்பதில் ஒற்றை அடுக்கு மட்டுமே இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் 1 என்பது ய-இன் பூச்சிய அடுக்கு. பூச்சியம் இரட்டை எண். எனவே இச்சார்பு இரண்டிலும் சேராது.

அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள அடுக்கை மட்டும் பார்த்தல். (ய − 1)² என்பதை விரித்தால் ய² − 2ய + 1 ஆகும். இதன் வரைபடம் சமச்சீரானதுதான்; ஆனால் அச்சமச்சீர்மை ய = 1 என்னும் கோட்டைப் பொறுத்தது, செங்குத்து அச்சைப் பொறுத்ததன்று.

ஆட்களத்தைக் கருதாமை. ய² என்னும் வாய்பாடு 0 முதல் 5 வரையுள்ள எண்களுக்கு மட்டும் வரையறுக்கப்பட்டால், அச்சார்பு இரட்டைச் சார்பு ஆகாது. வாய்பாடு மட்டுமே சார்பு அன்று. ஆட்களமும் சேர்ந்ததே சார்பு.

கூட்டல், பெருக்கல், சேர்ப்பு

இரு இரட்டைச் சார்புகளின் கூடுதல் இரட்டைச் சார்பு. இரு ஒற்றைச் சார்புகளின் கூடுதல் ஒற்றைச் சார்பு. ஓர் இரட்டைச் சார்பையும் ஓர் ஒற்றைச் சார்பையும் கூட்டினால், அவற்றுள் ஒன்று பூச்சியச் சார்பாக இருந்தாலொழிய, விடை இரண்டிலும் சேராது.

பெருக்கலில் இரட்டையும் இரட்டையும் சேர்ந்தால் இரட்டை. ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தாலும் இரட்டை. இரட்டையும் ஒற்றையும் சேர்ந்தால் ஒற்றை. இவ்விதி மாணவர்களைக் குழப்புவது இயல்பு. 3, 5 ஆகிய ஒற்றை எண்களைப் பெருக்கினால் 15 என்னும் ஒற்றை எண்ணே கிடைக்கிறது; ஆனால் ய³, ய⁵ ஆகிய ஒற்றைச் சார்புகளைப் பெருக்கினால் ய⁸ என்னும் இரட்டைச் சார்பு கிடைக்கிறது. சார்புகளைப் பெருக்கும்போது அடுக்குகள் கூட்டப்படுவதே காரணம். எனவே சார்புகளின் பெருக்கல், முழு எண்களின் கூட்டல் விதியைப் பின்பற்றுகிறது.

முழு எண்களின் பெருக்கல் விதியைப் பின்பற்றுவது சார்புகளின் சேர்ப்பாகும். ஒரு சார்பின் மதிப்பை மற்றொரு சார்பினுள் இடுவது சேர்ப்பு. ய³ ஐ ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் ய¹⁵ கிடைக்கும். இங்கு அடுக்குகள் பெருக்கப்படுகின்றன. பொதுவாக, ஒற்றையும் ஒற்றையும் சேர்க்கப்பட்டால் ஒற்றை. ஒன்று ஒற்றையாகவும் மற்றது இரட்டையாகவும் இருந்தாலோ இரண்டும் இரட்டையாக இருந்தாலோ விடை இரட்டை.

எச்சார்பையும் இரண்டாகப் பிரித்தல்

பெரும்பாலான சார்புகள் இரண்டிலும் சேராதவை என மேலே கூறப்பட்டது. ஆயினும் சமச்சீரான ஆட்களத்தையுடைய எந்தச் சார்பையும் ஓர் இரட்டைச் சார்பு, ஓர் ஒற்றைச் சார்பு ஆகியவற்றின் கூடுதலாக எழுதலாம். இப்பிரிப்பு ஒரே ஒரு வகையில்தான் இயலும். இதுவே இத்தலைப்பின் மிகமுக்கிய முடிவாகும்.

இ(ய) = [ச(ய) + ச(−ய)] / 2
ஒ(ய) = [ச(ய) − ச(−ய)] / 2

என்க. ய, −ய ஆகியவற்றை இடம் மாற்றினால் முதற்கோவை மாறுவதில்லை. எனவே இ இரட்டைச் சார்பு. இரண்டாம் கோவையின் குறி மாறுகிறது. எனவே ஒ ஒற்றைச் சார்பு. இரண்டையும் கூட்டினால் ச(ய) கிடைக்கிறது.

வேறு வகையில் பிரிக்க இயலாது என்பதையும் எளிதில் நிறுவலாம். இரண்டு பிரிப்புகள் உள்ளன எனக் கொண்டால், அவற்றின் இரட்டைப் பகுதிகளின் வித்தியாசம் ஒற்றைப் பகுதிகளின் வித்தியாசத்துக்கு, குறி மாறி, சமமாகும். அவ்வித்தியாசம் ஒரே நேரத்தில் இரட்டையும் ஒற்றையும் ஆகும். அத்தகையது பூச்சியச் சார்பு மட்டுமே. எனவே இரு பிரிப்புகளும் ஒன்றே.

எடுத்துக்காட்டு 1: ச(ய) = ய³ + 2ய² − 5ய + 7. இங்கு ச(2) = 13, ச(−2) = 17. எனவே இ(2) = 15, ஒ(2) = −2. பல்லுறுப்புக்கோவையில் இரட்டை அடுக்குகளைத் தனியே எடுத்தால் 2ய² + 7; அதன் மதிப்பு ய = 2 ஆகும்போது 15. ஒற்றை அடுக்குகளைத் தனியே எடுத்தால் ய³ − 5ய. அதன் மதிப்பு −2.

எடுத்துக்காட்டு 2: ச(ய) = 1/(1 − ய). இச்சார்பு ய = 1 இல் வரையறுக்கப்படவில்லை; ய = −1 இல் வரையறுக்கப்பட்டுள்ளது. எனவே ஆட்களம் சமச்சீரானதன்று. −1 ஐயும் நீக்கிய பின்னரே பிரித்தல் இயலும். அப்போது இரட்டைப் பகுதி 1/(1 − ய²), ஒற்றைப் பகுதி ய/(1 − ய²).

எடுத்துக்காட்டு 3: ஆய்லரின் எண்ணை அடியாகக் கொண்ட அடுக்குக்குறிச் சார்பின் இரட்டைப் பகுதி அதிபரவளையக் கொசைன் எனவும், ஒற்றைப் பகுதி அதிபரவளையச் சைன் எனவும் அழைக்கப்படுகின்றன. இரு முனைகளிலும் ஒரே உயரத்தில் கட்டப்பட்டுத் தன் எடையால் தொங்கும் சீரான சங்கிலியின் வடிவம் அதிபரவளையக் கொசைனால் தரப்படுகிறது. இடமும் வலமும் ஒத்துத் தொங்கும் சங்கிலியை ஓர் இரட்டைச் சார்பு விவரிப்பது பொருத்தமே.

நுண்கணிதத்தில்

வகையிடத்தக்க இரட்டைச் சார்பின் வகைக்கெழு ஒற்றைச் சார்பாகும். ஒற்றைச் சார்பின் வகைக்கெழு இரட்டைச் சார்பாகும். ய⁴ இன் வகைக்கெழு 4ய³ ஆவதும், சைன் ய-இன் வகைக்கெழு கொசைன் ய ஆவதும் இதற்குச் சான்றுகள்.

தொகையீடுகளில் இதன் பயன் மிகுதி. தொகையீட்டின் எல்லைகள் −அ முதல் அ வரை எனில், தொடர்ச்சியான ஒற்றைச் சார்பின் தொகையீடு பூச்சியமாகும். இடப்பக்கத்துப் பரப்பும் வலப்பக்கத்துப் பரப்பும் எதிர்க்குறி கொண்டு ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. இரட்டைச் சார்பின் தொகையீடு, 0 முதல் அ வரையிலான தொகையீட்டின் இருமடங்காகும்.

எடுத்துக்காட்டாக, ய⁵ − 7ய³ + 3ய² + 4ய − 1 என்பதை −2 முதல் 2 வரை தொகையிட வேண்டுமெனில், ஒற்றை அடுக்குகள் மூன்றையும் விட்டுவிடலாம். 3ய² − 1 ஐ 0 முதல் 2 வரை தொகையிட்டால் 8 − 2 = 6. அதன் இருமடங்கு 12 என்பதே விடை.

ய²/(1 + 2^ய) என்பதை −1 முதல் 1 வரை தொகையிடுதல் கடினமானதாகத் தோன்றும். ஆனால் 1/(1 + 2^ய) இன் இரட்டைப் பகுதி எப்போதும் 1/2 மட்டுமே. மாறியின் குறியை மாற்றிக் கிடைப்பதையும் இதனையும் கூட்டினால் 1 வருவதை நேரில் சரிபார்க்கலாம். ஒற்றைப் பகுதி ய² உடன் பெருக்கப்பட்டாலும் ஒற்றையாகவே இருப்பதால் அதன் தொகையீடு பூச்சியம். எஞ்சுவது ய²/2 இன் தொகையீடு, அது 1/3.

இவ்விதியை 1/ய-க்கு −1 முதல் 1 வரை பயன்படுத்தி விடை பூச்சியம் எனக் கூறுதல் தவறு. 1/ய பூச்சியத்தில் வரையறுக்கப்படவில்லை. 0 முதல் 1 வரையுள்ள அதன் பரப்பு முடிவிலியாகும். முடிவுள்ள இரு பரப்புகளே ஒன்றையொன்று நீக்க வல்லவை.

பயன்பாடுகள்

ஃபூரியே தொடர்

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் ஃபூரியே, வெப்பம் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில், சார்புகளைச் சைன், கொசைன் சார்புகளின் தொடராக எழுதும் முறையை விரிவாகக் கையாண்டார். சார்பு இரட்டையாயின் அத்தொடரில் கொசைன் உறுப்புகளும் மாறிலியும் மட்டுமே இருக்கும். ஒற்றையாயின் சைன் உறுப்புகள் மட்டுமே இருக்கும். எனவே கணிக்க வேண்டிய கெழுக்களில் பாதி, கணிக்கும் முன்னரே பூச்சியம் எனத் தெரிந்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, 0 முதல் பை வரை +1 ஆகவும், −பை முதல் 0 வரை −1 ஆகவும் உள்ள சதுர அலையின் தொடர் (4/பை)(சைன் ய + (சைன் 3ய)/3 + (சைன் 5ய)/5 + …) ஆகும்.

படச் சுருக்கம்

1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் படச் சுருக்க முறை, படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கொசைன் அலைகளின் கூடுதலாக எழுதுகிறது. இதற்குரிய பிரிநிலைக் கொசைன் மாற்றத்தை நசீர் அகமது, நடராசன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974இல் வெளியிட்டனர். ஒரு கட்டத்தின் இடமுனையில் வெளிச்சமும் வலமுனையில் இருளும் இருப்பதாகக் கொள்வோம். அக்கட்டத்தை அப்படியே அடுத்தடுத்து வைத்தால் சேருமிடத்தில் திடீர்த் தாவல் உண்டாகும். அதனை விவரிக்கப் பல அலைகள் தேவைப்படும். கட்டத்தைக் கண்ணாடி போல் எதிரொளித்து இரட்டைச் சார்பாக நீட்டினால், சேருமிடத்தில் ஒரே அளவு வெளிச்சம் இருக்கும், தாவல் இராது. எனவே சில கொசைன் அலைகளே போதுமானவை ஆகின்றன. கோப்பின் அளவு குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலிபெருக்கிச் சுற்றுகள்

மின்னணுப் பெருக்கி ஒன்றில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உள்ள தொடர்பு முற்றிலும் நேர்கோடாக இருப்பதில்லை. அத்தொடர்பில் உள்ளீட்டின் வர்க்கம் கலந்தால், சைன் அலையின் வர்க்கம் (1 − கொசைன் 2ய)/2 ஆவதால், மூல ஒலியின் இருமடங்கு அதிர்வெண் கொண்ட புதிய ஒலி தோன்றும். ஒரே தன்மையுடைய இரு உறுப்புகளை எதிரெதிராக இணைத்துத் தொடர்பை ஒற்றைச் சார்பாக்கினால், இரட்டை அடுக்குகள் நீங்கி, இரட்டை மடங்கு அதிர்வெண்கள் மறைந்துவிடும். தள்ளு-இழு வகைப் பெருக்கிகள் இக்கொள்கையில் அமைந்தவை.

இயற்பியல்

குவாண்டம் இயற்பியலில், வெளியிலுள்ள மூன்று ஆயங்களின் குறிகளையும் மாற்றும்போது அலைச்சார்பு மாறாதிருக்கிறதா, குறி மாறுகிறதா என்பது சமநிலைப் பண்பு அல்லது இணைமை எனப்படும். இயற்கையின் எல்லா விசைகளும் இப்பண்பைக் காக்கும் என நெடுங்காலம் நம்பப்பட்டது. 1956இல் சுங்-தாவோ லீ, சென்-நிங் யாங் ஆகியோர், மென்விசையைப் பொறுத்தவரை இதற்குச் சோதனைச் சான்று இல்லை எனச் சுட்டிக்காட்டினர். சியென்-சியுங் வூ தலைமையில் கோபால்ட்-60 கொண்டு செய்யப்பட்ட சோதனை, மென்விசை இப்பண்பைக் காப்பதில்லை என உறுதிசெய்தது. அதன் முடிவு 1957இல் வெளியானது. லீ, யாங் இருவரும் அதே ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

ஒத்த கருத்துகள்

குறி மாற்றத்தை இருமுறை செய்தால் பழைய நிலை திரும்புகிறது. இரட்டை, ஒற்றை எனப் பிரிக்க இயல்வதற்கு இப்பண்பே காரணம். இதே பண்புடைய பிற செயல்களிலும் இத்தகைய பிரிப்பைக் காணலாம். சதுர அணியின் நிரைகளையும் நிரல்களையும் இடம் மாற்றுதல் இருமுறை செய்யப்பட்டால் பழைய அணி கிடைக்கும். எனவே எந்த மெய்யெண் சதுர அணியையும் ஒரு சமச்சீர் அணி, ஓர் எதிர்சமச்சீர் அணி ஆகியவற்றின் கூடுதலாக ஒரே வகையில் எழுதலாம். அதற்கான வாய்பாடும் மேலே கண்டதே: அணியையும் அதன் இடமாற்று அணியையும் கூட்டிப் பாதியாக்கினால் சமச்சீர்ப் பகுதியும், கழித்துப் பாதியாக்கினால் எதிர்சமச்சீர்ப் பகுதியும் கிடைக்கும்.